ஆயிரம் பவுண்டு கேட்ட தாத்தா

வணக்கம். கேப்டன் டாம் மூரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவு வருவது கோவிட் காலத்தில் அவர் நடந்து சேர்த்த 32 மில்லியன் பவுண்டு நன்கொடை. எனக்கு முதலில் வருவது ஆயிரம். ஏனென்றால் அவர் கேட்டது அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் 6. இங்கிலாந்தே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். பெட்ஃபோர்ட்ஷயரில் மார்ஸ்டன் மோர்டெய்ன் என்ற கிராமத்தில், நூறு வயதாக இன்னும் மூன்றரை வாரம் இருந்த ஒருவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் நடக்கத் தொடங்கினார். 25 மீட்டர் தூரம், அதையே நூறு தடவை. பிறந்தநாளுக்குள் ஆயிரம் பவுண்டு சேர்ந்தால் மருத்துவமனை அறக்கட்டளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. அதற்கு இரண்டு வருடம் முன்பு விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, விலா உடைந்து, நுரையீரலும் துளைபட்டுக் கிடந்தவர் அவர். அப்போது பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கு நன்றிக்கடன், வேறொன்றும் இல்லை.

பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் அரசாங்கத்துடையதுதானே, அதற்கு எதற்கு நன்கொடை என்று நம் ஆட்களே கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். டாக்டர், மருந்து, கட்டில் எல்லாம் அரசுப் பணம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்ற நர்ஸ் கொஞ்சம் உட்கார்ந்து அழுதுவிட்டு வர ஓர் அறை, யாரும் பார்க்க வரமுடியாத நோயாளிக்கு வீட்டு முகத்தைக் காட்ட ஒரு டேப்லட், இதெல்லாம் பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனையின் சின்ன அறக்கட்டளைகள் பார்த்துக்கொண்ட வேலை. என் தங்கை அந்த வருடம் கோவிட் வார்டில் இருந்தாள். பிளாஸ்டிக் பைக்குள் டேப்லட்டைப் போட்டு, மூச்சு வாங்கும் ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒருமுறைதான் சொன்னாள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சரி, தாத்தாவுக்கு வருவோம். ஏப்ரல் 16ஆம் தேதி யார்க்ஷயர் படைப்பிரிவு வீரர்கள் இருபுறமும் அணிவகுத்து நிற்க, நூறாவது நடையை முடித்தார். அதற்குள் 12 மில்லியனைத் தாண்டிவிட்டது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம், இன்னொரு நூறு நடக்கிறேன் என்றார் மனிதர்! பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல், பேரன் படித்த பள்ளிக்கூடத்து மண்டபம் முழுக்கப் பரப்பி வைத்தார்கள். ஜூலையில் வின்ட்சர் கோட்டையில் அரசியார் கையால் சர் பட்டம். இளவயதில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, பர்மாவின் அரக்கான் பக்கம் போரில் இருந்தவர். அந்தப் போர்க்காலத்தில்தான் 1942இல் நம்மவர்கள் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். நடை என்றாலே எனக்கு அதுவும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஒரு கசப்பையும் சொல்லாமல் போகமுடியாது. அவர் பெயரில் பின்னால் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளையைப் பற்றி 2024 நவம்பரில் அறக்கட்டளைகள் ஆணையம் கடுமையான அறிக்கை கொடுத்தது. மகளும் மருமகனும் அதனால் சொந்த லாபம் அடைந்தார்கள் என்று அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, எல்லாமே ஏமாற்று" என்கிறவர்களோடு எனக்குச் சண்டையே வரும். தோட்டத்தில் நடந்து சேர்த்த பணம் அந்தக் கணக்கில் வராது, அது நேராக மருத்துவமனை அறக்கட்டளைகளின் கூட்டமைப்புக்குப் போனது. குடும்பம் செய்ததற்கு அந்த வாக்கர் என்ன செய்யும்?

2021 பிப்ரவரி 2 அன்று பெட்ஃபோர்ட் மருத்துவமனையில் இறந்தார். நிமோனியாவோடு கோவிடும் சேர்ந்துகொண்டது. அன்று தங்கைக்கு மாலை டூட்டி. "தாத்தா போய்விட்டார்" என்று செய்தி அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பார்த்திருக்கிறாள். பதில் எதுவும் வரவில்லை.