பாட்டிலின் மேல் எழுதுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய சர்க்கரை நோய் மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சித்த மருத்துவர் ஐயா அவர்களே (இந்த வயதிலும் நேரம் தவறாமல் வந்திருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்), இடம் கொடுத்து உதவிய பள்ளித் தாளாளர் அவர்களே, மகளிர் குழுத் தலைவி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்தேன். மூலிகைச் சாற்றில் சர்க்கரைக்கு மருந்து இருக்கிறதா, எவ்வளவு எடுப்பது, மாத்திரையோடு சேர்த்தால் என்ன ஆகும். மூன்றுக்கும் நம் பெரியவர்கள் ஒரே வரி வைத்திருக்கிறார்கள்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

முதல் கேள்விக்குப் பதில், இருக்கிறது. ஐரோப்பாவில் கலீகா என்றொரு செடி. அதிலிருக்கும் கலீஜின் என்ற பொருள் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நச்சு. அதே குவானிடின் என்னும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்த மெட்ஃபார்மின் மருந்தை 1922இல் டப்ளினில் தயாரித்தார்கள். 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இங்கே பாதிப் பேர் காலையில் விழுங்கிவிட்டு வந்திருப்பது அதைத்தான். ஆப்பிள் மரப்பட்டையில் 1835இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருள்தான், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் இன்றைய கிளிஃப்ளோசின் மாத்திரைகளுக்கு வழிகாட்டி. ஆகவே, செடியில் ஒன்றுமில்லை என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம்.

ஆனால் என் மாமா கதையைக் கேளுங்கள். சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று பெயர் இருப்பதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஓர் இலையை நன்றாக மென்றார், அப்புறம் ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டார். மணலைப் போட்டது மாதிரி இருந்ததாம். வீட்டையே கூப்பிட்டார், எங்களையும் மெல்லச் சொன்னார், எல்லாருக்கும் மணல்தான்! "பார்த்தீங்களா, வாயிலேயே சர்க்கரை செத்துப் போச்சு, ரத்தத்துல மட்டும் நிக்குமா?" என்றார். "முதல்ல ரத்தத்தைப் பாருங்க" என்று அத்தை சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மாத்திரையை நிறுத்தினார். அந்த இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கின் இனிப்பு ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, சிறிது நேரத்தில் விலகிவிடுகிறது, அவ்வளவுதான் அங்கே நடந்தது. சில மாதத்தில் காலில் புண். பரிசோதித்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இலை மேல் குற்றமில்லை ஐயா. சிறுகுறிஞ்சான் சாறு சர்க்கரையைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு, பெரிய அளவில் செய்ய வேண்டியது பாக்கி. பாகற்காய் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பும் 2012இல், பரிந்துரைக்கச் சான்று போதாது என்றுதான் சொன்னது. எப்படிப் போதும்? ஒருவர் சாறு கொடுக்கிறார், ஒருவர் பொடி கொடுக்கிறார், எதை எதோடு ஒப்பிடுவது!

இங்கேதான் எவ்வளவு என்ற கேள்வி வருகிறது, இதற்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். இலைப் படம் இருக்கும், பக்கவிளைவு இல்லை என்று இருக்கும். சாறு இலையிலிருந்தா வேரிலிருந்தா, தண்ணீரில் எடுத்ததா ஆல்கஹாலில் எடுத்ததா, ஒரு வேளைக்கு வேலை செய்யும் பொருள் எத்தனை மில்லிகிராம், ஈயமும் பாதரசமும் சோதித்தார்களா, இது எதுவும் பெரும்பாலும் இருக்காது. மண்ணும் பருவமும் மாறினால் இலையின் சத்தே மாறும், அப்படியிருக்க அளவு எழுதாத பாட்டிலில் எதை நம்பிக் குடிப்பது? சுத்த மூலிகை என்று விற்றதில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். குடித்தவருக்குச் சர்க்கரை இறங்கும், மூலிகையைப் புகழ்வார், ஒருநாள் ராத்திரி அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழுவார். கண்ணால் காண்பதும் பொய் என்பது வேறென்ன?

மூன்றாவதற்கு நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். ஒன்றே ஒன்று: எந்தச் சாற்றுக்காகவும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். உடலில் இன்சுலினே சுரக்காத டைப் 1 பிள்ளைகளுக்கு அந்த ஊசிதான் உயிர். எந்த மூலிகை எடுத்தாலும் உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லேபிளில் அளவையும் சோதனை முடிவையும் கட்டாயமாக்கக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. மருத்துவர் அம்மாவும் சித்த மருத்துவர் ஐயாவும் முதல் இரண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள். நீங்களும் போடுங்கள், கையோடு உங்கள் வீட்டு மூலிகை பாட்டிலின் பெயரையும் அதன் லேபிளில் என்னென்ன இல்லை என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள்.