ஆலோசகரின் சொந்தப் பணம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு செட்டிநாட்டுக் கோனாபட்டில் ஒரு வீட்டின் வளவில் அமர்ந்து, எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவரிடம், அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் போடுமாறு அரை மணி நேரம் விளக்கினேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "அதெல்லாஞ் சரிப்பா, ஓம் பணத்தை நீ எதுல போட்டு வச்சிருக்க?" என்றார். என் பணத்தில் பெரும்பகுதி பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் இருந்தது. அதைச் சொல்ல நான் தயங்கிய தயக்கமே, முதலீட்டு ஆலோசகர் தான் சொல்வதைத் தானும் செய்ய வேண்டுமா என்ற இன்றைய பேச்சுக்குக் காரணம்.

மாதச் சம்பாத்தியம் உள்ள நானும் வட்டியை நம்பி வாழும் அவரும் ஒரே இடத்தில் பணம் போட வேண்டியதில்லை. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2013-ல் வகுத்த முதலீட்டு ஆலோசகர் விதிகளும் அப்படிக் கட்டளையிடவில்லை. பரிந்துரைக்கும் பங்கு தன்னிடமும் இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். சொன்ன நாளிலிருந்து 15 நாள் அதற்கு மாறாகத் தன் கணக்கில் வாங்கவோ விற்கவோ கூடாது. கருத்து மாறினால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தெரிவித்த பிறகே அப்படிச் செய்யலாம் என்றுதான் அவை சொல்கின்றன. ஒளிக்காதே என்பதே அவற்றின் சாரம். நான் தவறியதும் அங்கேதான்.

தன் பணத்தையும் போட்டவர் சொன்னால் நம்பலாம் என்று சிலர் கருதுகிறார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்த, போன நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஊரார் பணத்தை மட்டுமா அங்கே கொண்டுபோனார்கள்? சொந்த முதலும் உறவினர் பணமும் சேர்ந்தே போயின. 1930-ல் நெல் விலை சரிந்ததும், கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பெரும்பாலோர் அத்தனையையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. பிறருக்குச் சொன்னதைத் தாமும் செய்தவர்கள்தான் அவர்கள். நாணயத்தில் குறையில்லை, கணிப்பு தவறிப்போனது. இதைப் பழியாகச் சொல்லவில்லை, என் பாட்டனாரும் அவர்களில் ஒருவர்.

ஆகவே "நீ போட்டாயா?" என்பதோடு நிறுத்தாமல், "இதை நான் வாங்கினால் உனக்கு என்ன வரும்?" என்றும் கேளுங்கள். கமிஷன் எவ்வளவு என்று கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் அந்தத் திட்டத்தை வாங்காதீர்கள்.

ஆனால் வயதும் வருமானமும் எதுவானாலும் எல்லோருக்கும் பொருந்தும் அறிவுரைகள் உண்டு. அவற்றில் ஆலோசகருக்கு விலக்கே கிடையாது. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் இருக்கிற நம் பகுதியில், நாமினி போடுங்கள், உயில் எழுதுங்கள் என்று நான் சொல்லாத வீடில்லை. அன்று வீடு திரும்பி என் கோப்பைப் பிரித்தால், ஒரு வங்கிக் கணக்கில் ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமான என் தாயாரே இன்னும் நாமினியாக இருந்தார்.

அடுத்த மாதம், என்னுடைய எந்தப் பணம் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதை ஒரே தாளில் எழுதி, ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தவர், கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "உயிலு இன்னும் எழுதலையாப்பா?"