டிஎம்எஸ்ஓ வேண்டாம், தண்ணீர் போதும்: ஒய்-27632

வணக்கம் மக்களே! செல் வளர்க்கும் கல்ச்சர் ரூமுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது, அதனால் இன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறேன். இந்தக் குட்டி பாட்டிலைப் பாருங்கள். உள்ளே 5 மில்லிகிராம் பொடி இருக்கிறது, சத்தியமாக. பெயர் ஒய்-27632. லேபில் இந்த நம்பரை யாரும் சொல்வதில்லை, "ராக் இன்ஹிபிட்டர் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

ராக் என்பது ரோ கைனேஸ். செல்லுக்குள் ஆக்டின், மயோசின் இழைகளை இறுக்கிப் பிடிக்கவைக்கும் என்சைம். இன்ஹிபிட்டர் என்றால் தடுப்பான், அதாவது இந்தப் பொடி ராக்கைத் தடுக்கும். உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனிதக் கரு ஸ்டெம் செல்கள் கூட்டமாக இருந்தால்தான் பிழைக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்தால் ராக் வெறிபிடித்தது மாதிரி வேலை செய்யும். செல் சுருங்கி, மேலெல்லாம் குமிழ் குமிழாகப் பொங்கிச் செத்துவிடும். ராக்கைத் தடுத்தால் பிழைக்கும். நான் முதல் தடவை செல்களைப் பிரித்தபோது இதைப் போட மறந்துவிட்டேன். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அடியில் ஒன்றுமே ஒட்டவில்லை, எல்லாம் மிதக்கிறது. அன்றைக்கு மதியம் சாப்பாடே இறங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இது ஸ்டெம் செல்லுக்காக வந்ததே இல்லை. 1997-இல் ஜப்பானில் ஒரு மருந்து கம்பெனியும் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷூ நருமியாவும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதியபோது பேச்சே ரத்த அழுத்தம் பற்றித்தான்: ரத்தக் குழாய்த் தசையைத் தளர்த்தி, அழுத்தம் கூடிய எலிகளில் அதைக் குறைத்தது. பத்து வருடம் கழித்து, 2007-இல், கோபேயில் ரிக்கன் ஆய்வகத்தின் யோஷிகி சசாய் குழு இதை ஸ்டெம் செல்லில் போட்டுப் பார்த்தது. தனிச் செல்லிலிருந்து காலனி, அதாவது புதுச் செல் கூட்டம், வருவது சுமார் 1 சதவீதமாக இருந்தது, 27 சதவீதம் ஆகிவிட்டது!

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ராக் மாதிரி கைனேஸ் வகை என்சைம்களைத் தடுக்கும் இன்ஹிபிட்டர்களில் நிறைய எண்ணெய்ப் பசை மாதிரியான மூலக்கூறுகள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் இல்லாமல் கரையாது. அந்த டிஎம்எஸ்ஓவே ஸ்டெம் செல்லின் குணத்தை மாற்றக்கூடியது. அப்புறம் மருந்தால் ஆனதா, கரைப்பானால் ஆனதா என்று மண்டையை உடைக்க வேண்டும். இது டைஹைட்ரோகுளோரைடு உப்பாக வருவதால் சாதாரண ஸ்டெரைல் தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

ஆனால் அந்த உப்பில்தான் நான் மாட்டினேன். உப்போடு சேர்த்து மூலக்கூறு எடை 320.3, உப்பில்லாமல் 247.3. நான் சின்ன எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு 2 மில்லி தண்ணீர் ஊற்றிவிட்டேன். 10 மில்லிமோலார் செறிவுக்கு 1.56 மில்லிதான் ஊற்ற வேண்டும். லேபிளைப் பாருங்கள், நெட்டில் தேடி முதலில் வருகிற எண்ணை எடுக்காதீர்கள். ஸ்டாக் என்று சொல்லும் அந்த அடர் கரைசலை, செல் வளரும் திரவமான மீடியாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 10 மைக்ரோமோலார். மீதியைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20-இல் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, 10 மைக்ரோமோலாரில் இது ராக்கை மட்டும் தொடுவதில்லை, பிஆர்கே2 என்ற கைனேஸையும் தடுக்கும். இதைப் போட்டேன், விளைவு வந்தது, ஆகவே ராக்தான் காரணம் என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு வழியிலும் காட்ட வேண்டும்.

செல் ஒட்டியபிறகு இது தேவையும் இல்லை, பொதுவாக 24 மணி நேரத்தில் எடுத்துவிடுவோம். நேற்று நாலு மணிக்குப் போட்ட பிளேட் உள்ளே காத்திருக்கிறது. மணி மூன்றே முக்கால். மீடியா மாற்றப் போகிறேன், வரட்டுமா?