எறும்பும் தன் கையால் எண்சாண்

(பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் மதிப்புமிகு டத்தோ அவர்களே, காலையில் ஈப்போவில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறார், அதற்குத் தனி நன்றி. மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, செபராங் பிறையிலிருந்து பாலம் கடந்து வந்திருக்கும் தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, பின்வரிசையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எறும்பும் தன் கையால் எண்சாண் என்பது ஔவை வாக்கு. தன் கையால் அளந்தால் எறும்பும் எட்டுச் சாண் உயரம்தான் என்று பொருள். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன். இன்றைக்குப் பேசப்போவதே எறும்பைப் பற்றி என்பதால் இரட்டிப்பு மகிழ்ச்சி. மூன்று செய்திகள்: நம் காலடியில் வாழும் ஓர் எறும்புப் பேரினத்தை எப்படி அடையாளம் காண்பது, அதற்குள் இனங்களை எப்படிப் பிரிப்பது, இதையெல்லாம் நம் பிள்ளைகள் எந்த மொழியில் படிக்க வேண்டும்.

அந்தப் பேரினத்தின் பெயர் ஓடோன்டோமாக்கஸ். 1804-இல் லத்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்த பெயர். வெப்ப நாடுகளில் சுமார் 70 இனங்கள் உண்டு. மண்ணிலும், இலைச் சருகுக்கு அடியிலும், உளுத்த கட்டைக்குள்ளும் கூடு வைக்கும். தலை நீளம். அதன் முன்னால் இரண்டு தாடைகள் நேராக நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் பற்கள் உள்நோக்கி வளைந்திருக்கும். இரைக்கு அலையும்போது அவற்றை 180 பாகைக்கு விரித்து, எலிப்பொறியை இழுத்து வைத்த மாதிரி பூட்டிக்கொள்ளும். தாடைகளின் உள்பக்கத்தில் மெல்லிய முடிகள் இருக்கின்றன. முடியில் ஏதாவது பட்டால் போதும், பூட்டு விடுபடும். அமெரிக்கக் கண்டத்து இனம் ஒன்றை அதிவேகப் படக்கருவியால் அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். தாடை மூடும் வேகம் நொடிக்கு 35 முதல் 64 மீட்டர். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் எந்தக் காரும் ஓடக்கூடாத வேகம்!

போன ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போயிருந்தேன். பூச்சட்டியை நகர்த்தினால் அடியில் இந்த எறும்பு. நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் ஈர்க்குச்சியை அதன் முகத்துக்கு நேராக நீட்டினான். 'டிக்' என்று ஒரு சத்தம், காதில் விழுகிற சத்தம். எறும்பைக் காணோம்! தாடையால் குச்சியை அடித்த வேகத்தில் அதுவே பின்னால் எகிறிப் போய் விழுந்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் 'ஓ' என்று கத்த, பக்கத்து வகுப்பு முழுக்க வெளியே ஓடிவந்துவிட்டது. பேரனைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார். "இதுவா தம்பி? பால் மரக்காட்டுல சருகுக்குள்ள நிறைய இருக்கும். வாயால பிடிக்கும், ஆனா வலி பின்னாடி கொடுக்காலதான்" என்றார். எவ்வளவு சரியாகச் சொன்னார் பாருங்கள்! அதற்குள் அந்தப் பையன், சீசாவுக்குள் பிடித்துப் போட்ட எறும்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சார், தலைக்குப் பின்னால கோடு ரெண்டும் சேர்ந்து வி மாதிரி இருக்கு" என்றான். எனக்கு மேனி சிலிர்த்தது. ஏனென்றால் வகைப்பாட்டு அறிஞர்கள் பார்க்கும் அடையாளமே அதுதான். அனோகீட்டஸ் என்று நெருங்கிய சொந்தம் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதே பொறித்தாடைதான், ஆனால் தலையின் பின்புறம் அந்த வி கிடையாது. இடுப்புக் கணு மேலே ஒற்றை முள்ளாகக் கூர்ந்து நின்றால், ஓடோன்டோமாக்கஸ் என்பது இன்னும் உறுதியாகும். பத்து வயதுப் பிள்ளை, தமிழில் பார்த்து, தமிழில் சொன்னான். எறும்பும் தன் கையால் எண்சாண்!

இனங்களைப் பிரிப்பது நுணுக்கமான வேலை. உடலில் ஓடும் வரிகள், முடியின் அடர்த்தி எல்லாம் பார்க்க வேண்டும். தோட்டத்திலும் சாலையோரத்திலும் கிடைப்பது பெரும்பாலும் சிமில்லிமஸ் என்ற இனம். பினாங்கு மலைக்காட்டுப் பக்கம் போனால் ரிக்சோசஸ். ஆங்கிலேய இயற்கை அறிஞர் வாலஸ் மலாக்கா, சிங்கப்பூர், சரவாக்கில் பிடித்து அனுப்பிய பூச்சிகளுக்கு லண்டனில் உட்கார்ந்து பெயரிட்டவர் பிரெடரிக் ஸ்மித். ரிக்சோசஸ் அவர் 1857-இல் வைத்த பெயர். நம் ஊர் எறும்புக்கு எங்கோ பெயர் வைத்தார்கள். இன்று அதை அடையாளம் காண ஒரு குறிப்பேடாவது நம் மொழியில் நம் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டாமா?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். 2003-இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் அதைக் கைவிட்டார்கள். 2016-இல் டிஎல்பி என்ற இருமொழித் திட்டம் வந்தது, விரும்பும் பள்ளிகள் அந்தப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தலாம் என்று. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நன்றாகப் படிக்கட்டும். ஆனால் தொடக்கப்பள்ளியில் அறிவியல் தமிழில்தான் இருக்க வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்லச் சொல் தேடித் தடுமாறும் பிள்ளை, அடுத்த முறை வாயைத் திறக்காது. அந்தப் பையன் அன்று "வி மாதிரி இருக்கு" என்று கூவியதற்குக் காரணம், யாரும் அவன் மொழியைத் திருத்தக் காத்திருக்கவில்லை. எறும்பும் தன் கையால் எண்சாண் என்றால், நம் பிள்ளையையும் அவன் கையால்தானே அளக்க விட வேண்டும்?

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். ஒவ்வொன்றிலும் பத்துப் பூதக்கண்ணாடி, சருகைக் கூட்டாமல் விட்ட ஒரு மூலை, தமிழில் ஓர் எறும்புக் குறிப்பேடு. இதற்கு டத்தோ அவர்கள் மனம் வைக்க வேண்டும். தமிழில் அறிவியல் நடத்தக் கேட்டுப் பெற்றோர் எழுதும் கடிதம் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் பெயரும் பிள்ளை படிக்கும் பள்ளியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.