பானட்டில் நான்கு கோடு! குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிட்டேன்

வணக்கம் மக்களே. இந்த வாரம் டயர் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம்தான் வரும். நேற்று மாலையிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. இங்கே வாருங்கள், கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். பானட், வலது பக்கம், வைப்பருக்கு ஒரு சாண் முன்னால். இந்த நிழலில் ஒன்றும் தெரியாது. டார்ச் அடிக்கிறேன், இப்போது பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு கோடு, ஒரே திசையில், சீப்பால் இழுத்த மாதிரி.

இரண்டு நாள் வேலை மக்களே இது. சனிக்கிழமை கழுவி, க்ளே போட்டேன், அதாவது பெயிண்டில் ஒட்டியிருப்பதை எடுக்கிற களிமண் மாதிரியான கட்டியால் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் போட்டு, வேக்ஸ் தடவித் துடைத்து, தள்ளி நின்று பார்த்தேன். கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று தெரியும். பானட்டுக்குள் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். அங்கேதான் இந்த நான்கும் கிடந்தன.

எதனால் வந்தது என்று சொல்கிறேன். ஆனால் எதனால் வரவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கழுவும்போது வந்திருக்குமா? என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் எப்படிக் கழுவுவேன் என்று தெரியும். இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். காரைத் தொடுவதற்கு முன்னால் மேலிருந்து கீழே தண்ணீர் அடித்து, தானாகப் போகிற மண்ணையெல்லாம் போகவிடுவேன். அப்புறம் வாஷ் மிட்டை, அதாவது கழுவுகிற கையுறையை, ஷாம்பு தண்ணீரில் நனைத்து ஒரு பகுதியைத் துடைப்பேன். உடனே வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடியும் ஷாம்பு வாளிக்குப் போவேன். கூரை, கண்ணாடி, பானட் என்று இறங்கிவந்து, கதவுகளின் அடிப்பகுதியைக் கடைசியில் தொடுவேன். ரோட்டு மணல் அதிகம் ஒட்டியிருப்பது அங்கேதான். அந்த மிட்டோடு பானட்டுக்குத் திரும்பவே கூடாது. எல்லாம் நிழலில், கார் ஆறிய பிறகு. சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்தால் திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

அட, சக்கரத்தைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். சக்கரம்தான் முதலில். அதற்குத் தனி வாளி, தனி பிரஷ். பிரேக் பேடிலிருந்து உதிர்கிற இரும்புத் தூள் சக்கரம் முழுக்க இருக்கும். அதை வைத்துக்கொண்டு பெயிண்ட் பக்கம் போனால் உப்புத்தாள் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான்.

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் என்ன என்று போன வீடியோவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்தது. நீங்கள் போட்டிருக்கும் வேக்ஸும் அதற்குப் பிசுக்குதான், அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். பிஹெச் நியூட்ரல், அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை, என்று போட்டிருக்கும் கார் ஷாம்பு வாங்குங்கள். ஒரு வாளிக்குக் கொஞ்சம் போதும், நிறைய நாள் வரும்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு, நீங்கள் நூறு முறை கேட்டிருப்பீர்கள், நூற்றி ஒன்றாவது முறையாகவும் சொல்கிறேன். தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். தினமும் காலையில் கார் துடைப்பது நல்ல பழக்கம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்தத் தூசியில் பொடி மணல் இருக்கிறது. ஒவ்வொரு துடைப்பும் ஒரு கீறல். வெயிலில் கறுப்புக் காரைப் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி தெரியும் அல்லவா, அது இதுதான். கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்தைச் சுற்றி அமைந்தவை மட்டும் மின்னுவதால் நமக்கு வட்டமாகத் தெரிகிறது.

சரி, என் கோடுகளுக்கு வருகிறேன். அவை வட்டமும் இல்லை, வலையும் இல்லை. நேராக, பக்கம் பக்கமாக இருக்கின்றன. கழுவியதில் வந்தது இல்லை. கழுவி முடித்ததும் டார்ச் அடித்து எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது, அதில் இந்த இடம் சுத்தமாக இருக்கிறது.

க்ளேவா? அதுவும் இல்லை. க்ளே பற்றித் தனி வீடியோ இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கழுவிய பிறகும் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தார், இரும்புத் துகள், மரப்பிசின் இதெல்லாம் அதில் வரும். மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால் சொரசொரப்பு நன்றாகவே கைக்குத் தெரியும். லூப்ரிகண்ட், அதாவது வழுக்கவைக்கும் திரவம், தாராளமாக அடித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். க்ளே கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவிப் பயன்படுத்தலாம் என்று ஆசைப்படாதீர்கள். நான் சனிக்கிழமை ஒரு துண்டை அப்படித்தான் போட்டேன், மனசே இல்லாமல்.

அடுத்தது பாலிஷ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாலிஷ் போட்டால் கீறல் மூடிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மூடுவதில்லை மக்களே, சுற்றியிருக்கும் பெயிண்டைக் கீறலின் ஆழத்துக்கு இறக்குகிறோம். தகட்டின் மேல் இருக்கும் பெயிண்ட் மொத்தமும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரும், ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கு, கிளியர் கோட், 40, 50 மைக்ரான்தான். தலைமுடியே 70 மைக்ரான் பக்கம் இருக்கும். முடியைவிட மெல்லிய ஒரு அடுக்கு, அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறோம். மாதம் ஒரு முறை பாலிஷ் போடுகிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் ஆழமானது, பாலிஷில் முழுசாக எடுக்க ஆசைப்படாதீர்கள்.

நான் வைத்திருப்பது டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின், உங்களுக்குத் தெரியும். பேட் சுற்றவும் செய்யும், ஆடவும் செய்யும், அதனால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. சுற்ற மட்டும் செய்கிற ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும், ஆனால் கை பழகாதவர்களிடம் ஓரத்தில் பெயிண்டையே எடுத்துவிடும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டிவிடுவேன். இரண்டு அடிக்கு இரண்டு அடி, அவ்வளவுதான் ஒரு பகுதி. பேடில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு. குறுக்கே, நெடுக்கே, மெதுவாக. முதலில் மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் வைத்து ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பேன். அது போதுமென்றால் அதற்கு மேல் போக மாட்டேன். முடித்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் கலந்து அடித்துத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பேன். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்து, போய்விட்டது போலக் காட்டும். அதைத் துடைத்தால்தான் உண்மை தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியமும் இதைச் செய்தேன். கோடு இல்லை. அதற்கும் வீடியோ இருக்கிறது.

ஆக, பாலிஷுக்குப் பிறகு, மாலைக்கு முன்னால். மிச்சமிருப்பது வேக்ஸ் மட்டும்.

நான் போடுவது கார்னாபா வேக்ஸ். பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. தனியாகப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும், 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால்தான் எண்ணெயும் கரைப்பானும் கலந்து டப்பாவில் அடைத்துத் தருகிறார்கள். சீலண்ட் என்கிற செயற்கைப் பூச்சு இதைவிட அதிக நாள் நிற்கும், எனக்கும் தெரியும், ஒவ்வொரு முறையும் நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கட்டும். கறுப்பு நிறத்தில் கார்னாபா தருகிற ஆழம் எனக்குப் பிடிக்கும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போடுவதில் எனக்கு அலுப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். தடிமனாக அப்பினால் அதிகம் பாதுகாக்காது, துடைக்கத்தான் உயிர் போகும். சில நிமிடம் விட்டு, விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். இழுவாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளை வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். கையில் மோதிரம் இல்லை, வாட்ச் இல்லை, பெல்ட் பக்கிள் பானட்டில் படக்கூடாது என்று பெல்ட்டே போடவில்லை. பிறகு எப்படி?

ராத்திரி பதினொன்றரைக்கு, துடைத்த துணியை மறுபடியும் கையில் எடுத்தேன். புதுத் துணி, மைக்ரோஃபைபர், பஞ்சு மாதிரி இருக்கிறது. நான்காக மடித்து, துடைத்த மாதிரியே கையில் பிடித்தேன். உள்ளங்கைக்குக் கீழே, ஓரத்தில், இதோ பாருங்கள். லேபிள். துணியை எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதி ஓரத்தில் தைத்திருக்கும் லேபிள். இதன் விளிம்பை விரலால் தொட்டேன், மீன் செதில் மாதிரி இருக்கிறது. நைலான் மாதிரியான நாடாவைச் சூட்டில் வெட்டியிருக்கிறார்கள், வெட்டிய இடம் உருகிக் கெட்டியாகியிருக்கிறது. பெயிண்டுக்கு மென்மையானது என்று பெரிய எழுத்தில் அட்டையில் போட்டுவிட்டு, அதே துணியின் ஓரத்தில் ஒரு கத்தியைத் தைத்துத் தருகிறார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். என் அலமாரியில் நாலு கம்பெனித் துணி இருக்கிறது, மூன்றில் லேபிள் இப்படித்தான் இருக்கிறது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு பழி போடக் கூடாது என்று சோதனையும் செய்தேன். பழைய சிடி ஒன்று எடுத்தேன். மின்னுகிற பக்கத்தைத் துணியின் நடுப்பகுதியால் இருபது முறை தேய்த்தேன். ஒரு கோடு இல்லை. லேபிள் இருக்கும் ஓரத்தால் மூன்றே முறை. இதோ, கேமராவுக்குக் காட்டுகிறேன், எத்தனை கோடு பாருங்கள். சிடியின் பிளாஸ்டிக் கிளியர் கோட்டைவிட மென்மையானது, அதனால் சிடியில் விழுகிற கோடெல்லாம் காரிலும் விழும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பானட்டில் இருக்கும் இடைவெளியும் லேபிளின் மடிப்பும் அப்படியே பொருந்துகின்றன. எனக்கு இது போதும்.

சரி, இப்போது உங்கள் முன்னாலேயே எடுக்கிறேன். நகத்தில் மாட்டவில்லை, அதனால் தைரியமாக இருக்கிறேன். முதலில் ஆல்கஹால் அடித்து அந்த இடத்து வேக்ஸை எடுக்கிறேன். மென்மையான பேட், மூன்று சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்புகிறேன். இப்போது வேகம் கூட்டுகிறேன். சத்தம் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துடைக்கிறேன். லேபிள் இல்லாத துணி. டார்ச். மூன்று போய்விட்டது. இந்த ஒன்று இன்னும் மெல்லிசாக நிற்கிறது. இன்னொரு முறை போகிறேன், அதற்கு மேல் போக மாட்டேன்.

பாருங்கள். பாருங்கள்! டார்ச்சை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒன்றும் இல்லை. ஆல்கஹால் அடித்தும் பார்த்துவிடுகிறேன், எண்ணெய் ஏமாற்றக் கூடாது. இல்லை மக்களே, போய்விட்டது. நேற்று ராத்திரி தூங்கவில்லை, இன்றைக்குத் தூங்குவேன்.

இந்த இடத்துக்கு மட்டும் மறுபடியும் வேக்ஸ் போட வேண்டும், அதைப் படம் பிடிக்கவில்லை, தடவுவதைத்தான் நிறைய முறை பார்த்திருக்கிறீர்களே.

ஒன்று விட்டுப்போயிற்று. கழுவிய பிறகு ஈரத்தை எடுக்கும்போதும் துணியைத் தேய்க்காதீர்கள். பெரிய டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும், தண்ணீரை அதுவே குடித்துக்கொள்ளும். தானாகக் காயட்டும் என்றும் விடாதீர்கள், உப்புத் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வட்டமாக நின்றுவிடும். அப்புறம் மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், இழையில் படிந்து தண்ணீரை உறிஞ்சவிடாது. அதிகச் சூட்டில் காயவைத்தால் இழை உருகிக் கெட்டியாகும். பருத்தித் துணியோடு சேர்த்தும் போடாதீர்கள், பஞ்செல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும்.

லேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள், துணி கிழியும். ஒட்ட வெட்டவும் கூடாது, நான் முதல் துணியில் அப்படித்தான் வெட்டினேன், மிஞ்சிய முனை முன்பைவிடக் கூர்மையாக நின்றது. சின்னக் கத்தரியின் முனையைத் தையலுக்குள் விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, முழுசாக உருவ வேண்டும். ஒரு துணிக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. இன்னும் பதினோரு துணி இருக்கிறது, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுகிறேன். டயர் வீடியோவில் பார்க்கலாம்.