ஷிகெரு மிசுகி: பேய்களும் போரும்

அவையினருக்கு வணக்கம்.

மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளின் ஓவியர் ஷிகெரு மிசுகியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவருடைய வாசகர்கள் பெரும்பாலும் இரு கூட்டத்தினராகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். ஒரு கூட்டத்தார், கல்லறையில் பிறந்த கிதாரோ என்னும் ஒற்றைக்கண் சிறுவனையும், யோகாய்கள் எனப்படும் நாட்டுப்புறப் பேய் பூதங்களையும் தந்த குழந்தைக் கதைஞராக அவரைக் கொண்டாடுகிறார்கள். மற்றவர்கள், இரண்டாம் உலகப் போரில் ஒரு கையை இழந்து திரும்பி, அந்தப் போரை ஒளிவுமறைவின்றி வரைந்த சாட்சியாக அவரைப் போற்றுகிறார்கள். இவ்விரு பாராட்டுகளும் தகுதியானவைதாம் என்றாலும், பேய்க்கதைகளும் போர்க்கதைகளும் அவரிடத்தில் ஒரே ஊற்றிலிருந்து சுரந்தவை என்பதும், ஒன்றை விலக்கிவிட்டு மற்றொன்றை மட்டும் படிப்பவருக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் விளங்கும் என்பதும் என் துணிபு.

1922-இல் ஒசாகாவில் பிறந்த அவருடைய இயற்பெயர் முரா ஷிகெரு. வளர்ந்தது தொத்தோரி மாகாணத்தில், ஜப்பான் கடலை ஒட்டிய சகாய்மினாதோ என்னும் மீன்பிடித் துறைமுகத்தில். அவருடைய வீட்டுக்கு உதவிக்கு வந்துபோன, நோன்னோன்பா என்று ஊரார் அழைத்த ஒரு மூதாட்டிதான் அவருக்கு முதல் ஆசிரியை. கூரையின் உட்புறத்தில் படிந்திருக்கும் கறையைக் காட்டி, இரவில் வந்து கூரையை நக்கும் பூதம் விட்டுச்சென்ற தடம் அது என்று அவர் சொன்னாராம். இந்தச் செய்தியை மிசுகி பல இடங்களில் எழுதியிருக்கிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த மூதாட்டி சிறுவனை அச்சுறுத்தவில்லை என்பதே. கண்ணுக்குத் தெரியாதவர்களும் இதே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் பெயரும் பழக்கவழக்கமும் உண்டு என்று அறிமுகம் செய்து வைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின் அவரைப் பற்றி மிசுகி வரைந்த நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, 2007-இல் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் சிறந்த நூலுக்கான பரிசைப் பெற்றது. ஜப்பானியப் படைப்பு ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை.

இனி போருக்கு வருவோம். படைக்கு அழைக்கப்பட்ட மிசுகி, 1943-இல், இன்று பப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவின் ரபாவுலுக்கு அனுப்பப்பட்டார். போருக்குப் போனால் சாவு உறுதி என்று நம்பிய அக்கால இளைஞர்கள் பலரைப் போல அவரும் தத்துவ நூல்களுக்குள் புகுந்தவர். ஜெர்மானியக் கவிஞர் கதேயுடனான உரையாடல்களை எக்கர்மன் தொகுத்த நூலை அவர் தம்முடன் எடுத்துச் சென்றார். முன்னணிக் காவல் நிலை ஒன்றில் அவருடன் இருந்த சிறு குழு விடியற்காலையில் திடீர்த் தாக்குதலுக்கு உள்ளாகி அழிந்தது. காவல் முறையில் சற்றுத் தள்ளி நின்றிருந்த காரணத்தால் அவர் ஒருவரே தப்பினார். காட்டிலும் கடலிலுமாக அலைந்து எப்படியோ முகாமுக்கு வந்து சேர்ந்தவரை வரவேற்றது, மற்றவர்கள் செத்திருக்க நீ மட்டும் ஏன் உயிரோடு வந்தாய் என்ற மேலதிகாரியின் கேள்வி. பின்னர் மலேரியாவில் படுத்திருந்தபோது நடந்த விமானத் தாக்குதலில் அவருடைய இடது கை சிதைந்தது. மயக்க மருந்தின்றி அதை வெட்டி எடுத்தார்கள்.

தப்பி ஓடிய அந்த இரவைப் பற்றி மிசுகி சொல்லும் ஒரு செய்தி என் வாதத்துக்கு அச்சாணி. இருண்ட காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தம்மைத் தடுத்து நிறுத்தியதாகவும், ஊர் திரும்பிய பிறகு நூல்களைப் படித்தபோது அதுதான் நூரிகாபே என்னும் சுவர்ப்பூதம் என்று உணர்ந்ததாகவும் அவர் எழுதுகிறார். அது களைப்பால் நேர்ந்த மயக்கம் என்று நாம் விளக்கம் சொல்லிவிடலாம். ஆனால் கிதாரோ கதைகளில் சிறு கண்களோடும் குட்டைக் கால்களோடும் வரும் அந்தக் கற்சுவர், குழந்தைகள் பொம்மையாக வாங்கி விளையாடும் அந்த உருவம், ஒரு போர்வீரனின் உயிரச்சத்தோடு கட்டுண்டது என்பதை அந்த விளக்கம் மாற்றிவிடாது.

கையை இழந்தபின் தங்கியிருந்த இடத்துக்கு அருகே வாழ்ந்த, தோலாய் என்னும் அத்தீவின் பூர்வகுடி மக்களோடு அவர் கொண்ட நட்பும் இங்கே குறிப்பிடத்தக்கது. நிலம் தருகிறோம், வீடு கட்டித் தருகிறோம், இங்கேயே இருந்துவிடு என்று அவர்கள் அழைத்தார்கள். அவரும் படையிலிருந்து விலகி அங்கேயே தங்கிவிடத்தான் எண்ணினார். மீண்டும் வருகிறேன் என்று வாக்களித்துவிட்டு ஜப்பான் திரும்பியவர், இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் அந்த வாக்கைக் காப்பாற்ற முடிந்தது. அந்தத் தீவை அவர் பொன்னுலகமாகவே தீட்டிக் காட்டுகிறார் என்ற குறையை நான் மறுக்கமாட்டேன். அடிவாங்கியே பழகிய ஒரு படைவீரன் மனிதனாக நடத்தப்பட்ட இடம் அது என்பதையும் சேர்த்து எடைபோட்டால் போதும்.

போருக்குப் பிந்தைய வறுமைக் காலத்தை விரைந்து கடக்கிறேன். கோபேயில் ஒரு விடுதிக் கட்டடத்தை நடத்தினார். மிசுகி என்ற புனைபெயர் அந்தக் கட்டடத்தின் பெயரிலிருந்து வந்தது. மிதிவண்டியில் தெருத்தெருவாகச் சென்று மிட்டாய் விற்றபடியே பட அட்டைகளைக் காட்டிக் கதை சொல்லும் காமிஷிபாய்க் கலைஞர்களுக்குப் படம் வரைந்து கொடுத்தார். தொலைக்காட்சி பரவி அத்தொழில் நலிந்தபோது தோக்கியோவுக்குச் சென்று, வாடகை நூல்நிலையங்களுக்கான மாங்காவில் இறங்கினார். 1930-களின் காமிஷிபாய்க் கதை ஒன்றைத் தழுவி 1960-இல் அவர் வாடகை மாங்காவாக வரையத் தொடங்கியதுதான் 'கல்லறைக் கிதாரோ'. 1961-இல் பெண் பார்த்து ஐந்தே நாளில் மணமுடித்த அவருடைய மனைவி நுனோயே, அந்நாள்களின் இல்லாமையைப் பின்னாளில் ஒரு நூலாக எழுத, அது 2010-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

அவருடைய முன்னோடிகள் யார் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். 18-ஆம் நூற்றாண்டின் தோரியாமா செகியென் 1776 முதல் வெளியிட்ட பூதப்படத் தொகுதிகள் ஒரு பக்கம். நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ 1930-களில் தொகுத்த யோகாய்ப் பெயர்க் குறிப்புகள் மற்றொரு பக்கம். செகியெனிடம் உருவங்கள் இருந்தன; அவற்றை மிசுகி பல இடங்களில் அப்படியே ஏற்றுக்கொண்டார். யானகிதாவிடம் இருந்தவையோ பெரும்பாலும் ஓரிரு வரிச் செய்திகளே. இரவில் பறந்துவந்து முகத்தைச் சுற்றிக்கொள்ளும் துணிப்பூதம் ககோஷிமாப் பகுதியில் சொல்லப்படுவது. குழந்தைபோல் அழுது, தூக்கியவரிடம் கனத்துப்போகும் கிழவன் தொகுஷிமாவுக்கு உரியவன். ஆளில்லாத தோப்பு வழியே போகிறவர்கள்மேல் மணல் வீசும் கிழவி நாராவைச் சேர்ந்தவள். அவளை எவரும் கண்டதில்லை என்றே குறிப்பு சொல்கிறது. எவரும் காணாத அந்தக் கிழவிக்கு முகம் கொடுத்தவர் மிசுகி. வெவ்வேறு ஊர்களில் ஒன்றையொன்று அறியாது கிடந்த இவற்றை ஒரே காட்டில் குடியேற்றி, கிதாரோவுக்கு உறவினர்போல் ஆக்கியவரும் அவரே. இன்று ஒரு ஜப்பானியக் குழந்தையிடம் மணல் வீசும் கிழவியை வரையச் சொன்னால் அது மிசுகியின் கிழவியைத்தான் வரையும். உள்ளூர்க் கதைகளின் பன்முகத்தன்மையை அவருடைய கோடுகள் ஒரே அச்சில் வார்த்துவிட்டன என்ற இழப்பும் இதில் உண்டு. ஆயினும், அவர் வரையாதிருந்தால் அவற்றுள் பல நூலகத் தாள்களுக்குள்ளேயே உறங்கிப்போயிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

1964-இல் தொடங்கப்பட்ட 'காரோ' இதழும், 1965-இல் 'தொலைக்காட்சிச் சிறுவன்' கதைக்குக் கிடைத்த கோதான்ஷா பரிசும், நாற்பதைக் கடந்த அவருக்கு வாழ்வளித்தன. 1968 ஜனவரியில் கிதாரோ அசைபடத் தொடராக வந்தபோது 'கல்லறை' என்ற சொல் தலைப்பிலிருந்து நீங்கி 'கெகெகே நோ கிதாரோ' ஆயிற்று. தலைப்போடு சிறுவனின் குணமும் மாறியது. வாடகை நூல்களின் கிதாரோ மனிதர் படும் துன்பத்தை ஏளனமாகப் பார்த்து நின்றவன். இதழ்களின் கிதாரோ தீய யோகாய்களிடமிருந்து மனிதரைக் காப்பவன். எனக்கு முந்தையவனே விருப்பமானவன். மிசுகிக்கோ இவர்கள் இருவரையும்விட, குளிக்காத, காசாசை பிடித்த, எந்தப் பக்கமும் சாயக்கூடிய எலி மனிதன் என்னும் கிதாரோ கதைப் பாத்திரத்திடம்தான் பற்று அதிகம்.

அவருடைய பக்கங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மனிதர்கள் சில எளிய கோடுகளாக, பல் நீண்ட கேலிச்சித்திரங்களாக இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் உள்ள மரம், பாறை, கடல் ஆகியவை மட்டும் ஆயிரமாயிரம் புள்ளிகளால் இழைக்கப்பட்டு நிழற்படம்போல் நிற்கும். உதவியாளர்கள் துணையோடு உருவான இந்த முறை (யோஷிஹாரு த்சுகேவும் ரியோய்ச்சி இகெகாமியும் அவரிடம் பணிபுரிந்தவர்களே) பேய்க்கதைக்கும் போர்க்கதைக்கும் பொது. காடு நிலைத்திருப்பது, மனிதன் வந்துபோகிறவன் என்பதை உரையாடலே இல்லாமல் அது உணர்த்திவிடுகிறது.

1973-இல் வெளியான 'சோயின் க்யோகுசாய் செயோ' ('அனைவரும் வீரமரணம் எய்துங்கள்') என்னும் போர் மாங்கா இதன் உச்சம். நியூ பிரிட்டனில் ஒரு படைப்பிரிவுக்குக் கூட்டாகச் செத்து மடியும்படி ஆணையிடப்படுகிறது. சிலர் பிழைத்துவிடுகிறார்கள். அனைவரும் வீரமரணம் எய்தினர் என்று தலைமையகம் முன்பே அறிவித்துவிட்டதால், பிழைத்தவர்கள் இருப்பதே குற்றமாகிறது. அவர்களை மீண்டும் சாவுக்கு அனுப்புகிறார்கள். உண்மை நிகழ்வில் பலர் உயிர் தப்பியிருக்க, கதையில் மிசுகி ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. போரைப் பற்றி வரையும்போது தமக்குள் விளங்காத சினம் பொங்குவதாகவும், மாண்டவர்களின் ஆவிகளே அதை எழுப்புகின்றனவோ என்று தோன்றுவதாகவும் அவர் அந்நூலின் பின்னுரையில் குறிப்பிடுகிறார். நோன்னோன்பாவிடம் பாடம் கேட்ட ஒருவர் இதை எழுதும்போது, அதை வெறும் அணிநடை என்று நான் தள்ளிவிடமாட்டேன். இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2012-இல் அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருது பெற்றது. 1988–89-இல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த, ஷோவாக் காலம் எனப்படும் பேரரசர் ஹிரோஹிதோ ஆட்சிக்கால மாங்கா வரலாற்றிலோ அவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: பேரரசின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வாசகருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை அதே எலி மனிதனிடம் ஒப்படைத்தார்.

2015 நவம்பர் 30 அன்று தமது 93-ஆம் வயதில் அவர் மறைந்தார். தூக்கத்தைத் துறந்து வரைந்த மாங்கா ஓவியர்கள் ஒசாமு தெசுகாவும் ஷோதாரோ இஷினோமோரியும் அறுபது வயதிலேயே போய்விட்டார்கள், நானோ நன்றாகத் தூங்கினேன் என்று அவர் ஒரு குறுங்கதையில் குறும்பாகச் சொல்லிக்கொண்டதுண்டு. சகாய்மினாதோவில் 1993-இல் சில வெண்கலச் சிலைகளுடன் திறக்கப்பட்ட மிசுகி ஷிகெரு சாலையில் இன்று 170-க்கும் மேற்பட்ட யோகாய்ச் சிலைகள் நிற்கின்றன. அந்தச் சுற்றுலாப் பெருமையைவிட, அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் அவரை எப்படிப் படித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம். 2023-இல் வெளியான கிதாரோ பிறப்புக் கதைத் திரைப்படம் 1956-இல் நிகழ்கிறது. கூட்டுச் சாவுக்கான ஆணையிலிருந்து பிழைத்து வந்து, இரத்த வங்கி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் முன்னாள் படைவீரன் ஒருவன், கிதாரோவின் தந்தையைச் சந்திக்கிறான். மிசுகியின் பழைய வாடகைநூல் கதையில் கிதாரோவை எடுத்து வளர்க்கும் இரத்த வங்கி ஊழியனுக்கு, போர்க்கதையிலிருந்து ஒரு கடந்தகாலத்தை அவர்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பழைய கதையிலும் படத்திலும் அவன் பெயர் மிசுகிதான்.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வினாக்கள் இருந்தால் கேட்கலாம்.