சட்டைப் பையில் ஒரு சீப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்துக்குள் நுழையும்போது, பையில் இருப்பதையெல்லாம் எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். பேனா, மூக்குக் கண்ணாடி, பஸ் டிக்கெட், ஒரு சீப்பு. காவலர் சீப்பைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். பெரிய மனுஷராயிற்றே என்று ஒன்றும் கேட்கவில்லை. என் தலையில் சீப்புக்கு வேலை போய் இருபது வருடம் ஆகிறது. இது ஒரு நாய்க்காக வாங்கிய சீப்பு. அதுவும் முடி சீவ இல்லை, முள் எடுக்க.

நான் புவியியல் வாத்தியார். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டுப் பள்ளிக்கூடங்களில் 31 வருடம் பாலைவனப் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் நாலு மணல்மேடு, ஒரு ஒட்டகம், ஓரத்தில் ஒரு பேரீச்ச மரம். அவ்வளவுதான் நான் அறிந்த பாலைவனம். நேரில் பார்த்தது கிடையாது. மகள் குடும்பம் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் இருக்கிறது. 2022 மே மாதம் நானும் மனைவியும் அங்கே போய் ஆறு மாதம் தங்கினோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பேத்தி பள்ளிக்கூடம். ஆக, நாயைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது.

இரண்டரை கிலோ எடை. உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. பேத்தி வைத்த பெயர் பெப்பர். எனக்கு அது மிளகு. இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கும். சாதி என்ன என்று கேட்டதற்கு மருமகன், "சிவாவா மாமா" என்றார். சிவனை எதற்கு இப்போது கூப்பிடுகிறார் என்று என் மனைவி திகைத்துப் போனாள். மெக்சிகோவில் சிவாவா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் பெயர்தான் இந்த நாய்க்கும். வட அமெரிக்காவின் ஒரு பெரிய பாலைவனத்துக்கும் அதே பெயர் என்பதை மட்டும் நான் பாடத்தில் படித்திருந்தேன்.

முதல் நாள் விடிகாலையில் நாயோடு வாசலுக்கு வந்து ஒட்டகத்தையும் மணலையும் தேடினேன். எதிரே நின்றது சீமைக்கருவேலம்! எங்கள் ஊரில் ஆள் வைத்து வெட்டித் தள்ளுகிற மரம். அதன் பங்காளி வகையை அங்கே மெஸ்கீட் என்று சொல்லி, நிழலுக்காகத் தண்ணீர் விட்டு வளர்க்கிறார்கள். நெற்றை அரைத்து மாவாகவும் விற்கிறார்கள். மிளகுக்கு அந்த நெற்று என்றால் உயிர். கீழே கிடப்பதைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, வெற்றிலை போட்ட கிழவி மாதிரி வரும். மரத்துக்கு அந்தப் பக்கம் சப்பாத்திக்கள்ளி. அதற்கும் பின்னால், தந்திக்கம்பம் போல எழுந்து நிற்கும் சவாரோ கள்ளிகள். உலகத்தில், டூசான் இருக்கிற சொனோரா பாலைவனத்தைத் தவிர வேறெங்கும் தானாக முளைக்காத கள்ளி அது. முதல் கை முளைக்கவே பெரும்பாலும் 50 முதல் 75 வருடம் ஆகும். கையில்லாமல் நிற்கிற ஆளுயரச் சவாரோவைப் பார்த்தால், இவன் என் மகளுக்கு அண்ணனா தம்பியா என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடப்பேன்.

வெயில் எனக்குப் புதிது இல்லை. அக்னி நட்சத்திரத்தில் குடை இல்லாமல் நடந்தவன் நான். அந்தத் திமிரில் முதல் வாரம் காலை ஒன்பது மணிக்கு மிளகைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பத்தடி வந்தது. ஒரு காலைத் தூக்கியது, அடுத்த காலைத் தூக்கியது, பிறகு என் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்குப் புரியவில்லை. மகள் ஓடிவந்தாள். "அப்பா, புறங்கையை ரோட்டுல வைங்க. ஏழு எண்ணுங்க" என்றாள். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். காற்று 40 டிகிரி என்றால் தார் ரோடு 60 டிகிரியைத் தாண்டிக் கிடக்கும். நம் முகத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஐந்தடிக் காற்று இருக்கிறது. மிளகின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலு விரல்கூட இல்லை. நான் நடந்த ஊர் வேறு, அது நடந்த ஊர் வேறு.

அன்றிலிருந்து மிளகின் கால்தான் எனக்குக் கடிகாரம். காலை நாலே முக்காலுக்கு எழுந்திருப்போம். அரிசோனாவில், நவஹோ பழங்குடிப் பகுதி தவிர, கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லை. ஜூனில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். ஆறரைக்குள் வீடு திரும்ப வேண்டும். பகல் முழுக்க ஏசிக்கு நேர் கீழே, குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். சாயங்காலம் சூரியன் இறங்கினாலும் ரோடு இறங்காது. வாங்கிய சூட்டை ராத்திரி வரை வைத்திருக்கும். காலுக்குச் சின்னச் சின்னச் செருப்பு வாங்கிப் போட்டுப் பார்த்தோம். பொம்மலாட்டப் பொம்மை போல முட்டி மடக்காமல் நடந்தது. பேத்தி சிரித்த சிரிப்பில் அதற்கு ரோஷம் வந்துவிட்டது போலும், நாலையும் கடித்துப் போட்டது.

நடக்கும் இடம் ரியீட்டோ ஆற்றங்கரை. ஆறு என்றால் மணல்தான். மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் எங்கள் வைப்பாறு போலக் கிடக்கும். ஸ்பானிய மொழியில் ரியீட்டோ என்றால் சிற்றாறு என்று மருமகன் சொன்னபோது, தென்காசிக்காரர்கள் யாராவது பெயர் வைத்துவிட்டுப் போனார்களா என்று கேட்டேன்.

இனி சீப்பு. அந்தக் கரையில் சோய்யா என்றொரு கள்ளி உண்டு. தூரத்தில் பார்த்தால் பஞ்சுப் பொம்மை. தாவும் கள்ளி என்பார்கள். உண்மையில் அது தாவாது. லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். முள்ளின் நுனியில் தூண்டில் போலத் திருப்புக் கொக்கி இருப்பதால் உள்ளே போகும், வெளியே வராது. ஒரு நாள் எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று மிளகின் முன்காலில் ஏறிக்கொண்டது. அது வாயால் பிடுங்கப் போனது. ஐயோ, நாக்கில் ஏறிவிடுமே என்று நான் கையால் பிடுங்கினேன். அதன் காலும் என் உள்ளங்கையும் ஒரே கள்ளியில் மாட்டிக்கொண்டன. கரிசல் காட்டில் இடுப்பில் முள்வாங்கி இல்லாமல் கிளம்பாத பரம்பரை என்னுடையது. பரம்பரை என்ன செய்யும்? வந்தவன் முள்வாங்கியை விட்டுவிட்டு அல்லவா விமானம் ஏறியிருந்தான். அந்த வழியாக நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து பல் அகன்ற சீப்பை எடுத்தார். கள்ளிக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை விட்டு ஒரு சுண்டு. முதலில் நாயை விடுவித்தார், பிறகு என்னை. அந்த வரிசையை நான் குறை சொல்ல மாட்டேன். மிச்சமிருந்த ஒற்றை முட்களை வீட்டில் இடுக்கி வைத்து எடுத்தோம். மறுநாள் மகள் ஒரு சீப்பை என் சட்டைப் பையில் போட்டு, "இது இங்கேயே இருக்கட்டும்பா" என்றாள். இருக்கிறது.

கொல்லையிலும் மிளகைத் தனியாக விடக்கூடாது. கயோட்டி என்று ஒரு மிருகம், நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. ஆளுயர மதிலைச் சாதாரணமாக ஏறிக் குதிக்கும். ஹவலீனா என்று பன்றியைப் போல ஒன்று கூட்டமாக வரும். நாயைக் கண்டால் கயோட்டியின் உறவு என்று நினைத்துப் பாயும். மேலே பார்த்தால் ஹாரிஸ் பருந்து. கூட்டாளிகளோடு திட்டம் போட்டு வேட்டையாடும் பறவை. சங்கப் பாலைக்குரிய விலங்கு செந்நாய் என்று தமிழய்யா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மடியில் வைக்கிற நாய்க்கு எந்தத் திணையிலும் இடம் ஒதுக்காததன் காரணம் அங்கேதான் விளங்கியது.

ஆனால் மிளகை உண்மையில் சாய்த்தது இவற்றில் எதுவும் இல்லை. ஒரு தேரை.

அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்று வானிலைக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜூலையில் ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக் கொட்டியது. கிரியோசோட் என்ற புதரின் இலை நனைந்தால் ஒரு வாசனை வரும். நம் மண்வாசனையோடு கொஞ்சம் தார் கலந்தாற்போல. அதை மோந்துகொண்டு நான் தாழ்வாரத்தில் சொக்கி நின்றேன். மிளகு மண்ணை மோந்துகொண்டு இருட்டுக்குள் போனது. வருடம் பூராவும் பூமிக்குள் கிடக்கும் சொனோரா தேரைகள் முதல் மழைக்கு மேலே வரும். ஒரு தேரை உள்ளங்கையில் அடங்காது. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் விஷம். மிளகு அதை நக்கியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது வாயில் நுரை, நடையில் தள்ளாட்டம், ஈறு செங்கல் நிறம். நான் சொம்பில் தண்ணீர் எடுத்துப் புகட்டப் போனேன். மகள் என் கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் உள்ளே போனால் விஷமும் கூடவே போகும். தலையைத் தாழப் பிடித்து, ஹோஸ் பைப்பை வாயின் பக்கவாட்டில் வைத்து, தண்ணீர் முன்னால் விழும்படி பத்து நிமிடம் கழுவினாள். ஈரத் துணியால் ஈறைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு காரில் ஏறி ராத்திரி ஆஸ்பத்திரி. இரண்டரை கிலோ உடம்புக்கு எவ்வளவு விஷம் அதிகம் என்று யாரிடம் கேட்பது? விடியும்போது டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதைத் தரையில் இறக்கிவிட்டார். நேராக நடந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி உப்பும் மிளகாயும் எடுத்து மிளகுக்குத் திருஷ்டி சுற்றினாள். அன்று முதல் மழை ராத்திரியில் டார்ச் லைட் முன்னால், நான் நடுவில், நாய் கடைசியில்.

மண்ணிலேயே இருக்கிற ஒரு பூஞ்சையால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்றொரு நோயும் உண்டு, மனிதருக்கும் நாய்க்கும். தூசியை மூச்சில் இழுத்தால் வரும். பக்கத்து வீட்டு நாய்க்கு வந்து மாதக்கணக்கில் மாத்திரை. மிளகு தப்பித்தது.

நீண்ட பயணம் என்று போனது இரண்டு. ஒன்று லெமன் மலை. காரில் ஒரு மணி நேரத்தில் கள்ளிக்காட்டிலிருந்து ஊசியிலைக் காட்டுக்குப் போய்விடலாம். உச்சி 2,791 மீட்டர். நம் தொட்டபெட்டாவை விட 154 மீட்டர் கூடுதல். மிளகு அங்கே நடுங்கியது, திரும்பினோம்.

இன்னொன்று அக்டோபரில். கிழக்கே 500 கிலோமீட்டருக்கு மேல், நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ். வழியில் லார்ட்ஸ்பர்க் என்ற ஊர்ப் பக்கம், புழுதிப்புயல் வந்தால் ரோட்டை விட்டு ஒதுங்கி, விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும் என்று மருமகன் எனக்கு வகுப்பு எடுத்தார். பின்னால் வருகிறவன் சிவப்பு விளக்கைப் பார்த்து, முன்னால் வண்டி போகிறது என்று நம்பி வந்து மோதிவிடுவானாம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் நாய்க்குத் தார் ரோட்டைத் தாண்டி அனுமதி கிடையாது. ஒயிட் சாண்ட்ஸில் உண்டு. ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 2019 டிசம்பரில் தேசியப் பூங்காவான இடம். பூங்காவின் எல்லையையும் தாண்டி, மொத்தம் சுமார் 700 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை மணல்மேடு. அது மணலே இல்லை, ஜிப்சம். ஜிப்சம் தண்ணீரில் கரையும். மற்ற இடங்களில் ஆறு கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். இந்தத் துலரோசா வடிநிலத்திலிருந்து வெளியேற ஆறு கிடையாது. தண்ணீர் ஏரியில் தேங்கி வற்ற, ஜிப்சம் படிகமாகி, காற்றில் நொறுங்கிக் குவிகிறது. ஒரு பிடி அள்ளினேன். விரலில் ஒட்டிய தூளை 31 வருடம் தெரியும். சாக்பீஸ்! கரும்பலகையில் சாக்பீஸால் நான் பாலைவனம் வரைந்தேன். இங்கே பாலைவனமே சாக்பீஸாகக் கிடக்கிறது.

மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். மிளகைக் கீழே விட்டேன். மே மாதத்திலிருந்து தரையைச் சந்தேகப்பட்டே பழகிய நாய். ஒரு காலை வைத்தது, எடுத்தது. என்னைப் பார்த்தது. மறுபடி வைத்தது. ஜிப்சம் சாதாரண மணல் போல வெயிலின் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளாது, வெறுங்காலில் நடக்கலாம். நாலு காலையும் ஊன்றிச் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு பிடித்தது ஓட்டம். ஆறடிக் கயிற்றின் மறுமுனையில் அறுபத்தைந்து வயது வாத்தியார், செருப்பு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். பேத்தி அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். கேட்டால் தர மாட்டேன்.

அந்தப் பூங்காவின் பழைய ஏரிப்படுகையில் 21,000 முதல் 23,000 வருடத்துக்கு முந்தைய மனிதக் காலடித் தடங்கள் கிடைத்திருப்பதாக 2021-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாமத யானை, ராட்சத ஓநாய் இவற்றின் தடங்களும் அங்கே உண்டு. மேட்டின் மேல் மூச்சு வாங்க உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். பழைய நாலணா அளவில் மிளகின் தடம் வளைந்து வளைந்து போனது. கூடவே என்னுடையது. காற்று பாதியை அழித்துவிட்டிருந்தது.

திரும்பும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. ஒரு பெரிய ஷெப்பர்டு நாய் காரைச் சுற்றி மோந்தது. என் மடியிலிருந்து மிளகு எழுந்து, ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, இரண்டரை கிலோவும் குலுங்கக் குரைத்தது. அந்த நாய் இதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அதிகாரி குனிந்து எல்லாரையும் பார்த்தார். மகள், மருமகன், பேத்தி மூவரும் அந்த நாட்டுக் குடிமக்கள். மெக்சிகோ மாநிலத்தின் பெயர் கொண்ட மிளகின் கழுத்தில் டூசான் அடங்கிய பீமா மாவட்டம் கொடுத்த லைசென்ஸ் வில்லை தொங்கியது. காரில் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து நீட்ட வேண்டியிருந்தது நாங்கள் கிழவன் கிழவி இரண்டு பேர்தான். சட்டைப் பையில் கையை விட்டேன். முதலில் வந்தது சீப்பு.

வணக்கம்.